பிரிட்டாவுக்கு ஒரு தோல்வி தேவை

அன்புள்ள டெல்பர்ட் அண்ணனுக்கு,

இங்கே நானும் உன் மச்சான் கோர்டியும் முழங்கால் உயரப் பனியும் சௌக்கியம். அங்கே நீயும் லோயிஸ் அண்ணியும், உன் கம்பளிப் பண்ணையில் ஓடிப்போகாமல் மிச்சமிருக்கும் அந்த ஒற்றை அல்பாக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் போன், பனி உடைந்து முழுகிய பிக்கப் வண்டியோடு ஏரியின் அடியில் கிடப்பதால் கடிதமாகவே எழுதுகிறேன். உன்னிடம் ஒரு உதவி வேண்டும். எடுத்த எடுப்பில் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியில் என் வேலை உனக்குத் தெரியும். மகா கெட்டிக்காரப் பிள்ளைகளாகப் பொறுக்கி எடுத்து ஹானர்ஸ் பிரிவு என்று வைத்திருக்கிறார்களே, அதற்கு ஆலோசகர். மற்ற ஆலோசகர்கள் "படி, படி" என்று தள்ளுவார்கள். நான் "போதும், போய்த் தூங்கு" என்று விரட்டுவேன். இத்தனை வருஷமாகியும் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மலைப்பு அடங்கவில்லை. அதிலும் இந்த பிரிட்டா லின்ட்க்விஸ்ட்! கணிதத்தையும் பூச்சியியலையும் ஒன்றாகப் படிக்கிறாள். பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை 'ஏ' தவிர வேறு எழுத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அவள் கொசுவைப் பற்றிப் பேசிக் கேட்க வேண்டும் அண்ணா. மினசோட்டாவில் பிறந்து கொசு அடித்தே வளர்ந்த எனக்கு இனி அடிக்கக் கை வராது போலிருக்கிறது.

மலேரியா ஆராய்ச்சிக்காக வெளிநாடு அனுப்பும் பெரிய உதவித்தொகை ஒன்றுக்கு அவள் விண்ணப்பிக்கிறாள். வருகிற திங்கட்கிழமை கடைசி நாள். எல்லாம் எழுதிவிட்டாள், ஒரு கேள்வியைத் தவிர: 'நீங்கள் தோற்றுப்போன ஒரு சந்தர்ப்பத்தையும் அதில் கற்றதையும் விவரிக்கவும்.' கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்த கையோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"மார்லிஸ், எனக்கு ஒரு தோல்வி வேணும். எங்க கிடைக்கும்?"

"ஏதாவது பொய்யா எழுதேன், எல்லாரும் அதானே பண்றாங்க."

"பொய் எழுத மாட்டேன். நிஜமாவே தோத்துட்டு வந்து எழுதுறேன். நீங்க எதுல எல்லாம் தோத்திருக்கீங்க, சொல்லுங்க."

எனக்கா பஞ்சம்? முதலில், பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் எங்கள் பெண்கள் பௌலிங் குழுவுக்கு அழைத்துப்போனேன். பந்து உருளும் தரையில் பூசிய எண்ணெய் எங்கே அதிகம், எங்கே குறைவு என்று படித்துவிட்டு வந்திருக்கிறாள். இப்போது குழுவில் அவள் ஆடுகிறாள், நான் கோட்டுகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சரி, தேவாலயப் பாடகர் குழு என்று சேர்த்துவிட்டேன், குரல் சுமார்தான், எனக்கு ஒரே சந்தோஷம், ஆனால் விடாமல் பயிற்சி செய்து போன ஞாயிற்றுக்கிழமை தனிப்பாட்டே பாடிவிட்டாள், அந்த இடத்தில் வழக்கமாகப் பாடும் ஆர்டிஸ் என்னோடு பேசுவதில்லை. அடுத்து தேவாலய விருந்துக்கு, கறிக்கு மேல் உருளைக்கிழங்கு அடுக்கிச் சுடும் ஹாட்டிஷ் செய்யச் சொல்லி, வேண்டுமென்றே அடுப்பிலிருந்து எடுக்கும் நேரத்தைத் தப்பாகச் சொன்னேன். மேலே கிடந்த உருளைக்கிழங்கு கருகித்தான் போயிற்று. பாஸ்டர் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "அந்தப் புகை வாசனைய எப்படிம்மா கொண்டுவந்த?" என்று கேட்கிறார்! கடைசியில் கோர்டி அவளை உறைந்த ஏரிக்குக் கூட்டிப்போய், அவருக்கு ஆயுளில் ஒரு மீன்கூடக் கிடைக்காத இடமாகப் பார்த்துப் பனியில் துளை போட்டுத் தூண்டிலைக் கையில் கொடுத்தார். அவள் இழுத்த மீன் அவள் கை நீளம் இருந்ததாம். இருந்ததாம் என்றுதான் சொல்ல முடிகிறது. கோர்டி அதைப் பற்றிப் பேச மறுக்கிறார்.

எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, இன்று காலை வரை. காலையில் வந்தவள் தொப்பியைக்கூடக் கழற்றாமல் அழுதாள்.

"தோத்தா என்ன ஆகும்னே எனக்குத் தெரியல மார்லிஸ். அங்க போயி, ஆராய்ச்சி சரியா வரலன்னா நான் எந்திரிப்பேனா, அப்படியே கிடப்பேனா? அதத்தான அவங்க கேக்குறாங்க? எனக்கே தெரியாதத நான் எப்படி எழுதுறது?"

அந்தப் பிள்ளையை அப்படியே கட்டிக்கொண்டேன்.

அப்போதுதான் உன் நினைவு வந்தது. கோபித்துக்கொள்ளாதே. படகுத்துறை ஹோட்டல், தூண்டில் கடை, அல்பாக்காப் பண்ணை, மேயர் தேர்தல், கடைசியாக அந்த பிக்கப் வண்டி... நம் குடும்பத்தில் இந்தத் துறையில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் மறுநாள் காலையில் நீ விசிலடித்துக்கொண்டு பான்கேக் சுடுவதைப் பார்த்திருக்கிறேன். அது எப்படி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பிரிட்டாவைப் பார்த்து மலைப்பது போலவே உன்னைப் பார்த்தும் மலைத்திருக்கிறேன். சனிக்கிழமை அவளை உன்னிடம் அனுப்புகிறேன். ஏதாவது ஒரு தொழிலைத் தொடங்கி அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு பேருமாக மூழ்கடித்துவிடுங்கள். பொன்னான வாய்ப்பு அண்ணா, தயவுசெய்து இந்தத் தடவை மட்டும் ஜெயித்துத் தொலைக்காதே.

அண்ணிக்கு என் அன்பு. அல்பாக்காவுக்கு முதுகில் ஒரு தட்டு. கடவுள் உங்கள் கூரையையும் ஏரிப் பனியையும் கெட்டியாக வைத்திருக்கட்டும்.

உன் பாசமுள்ள தங்கை,
மார்லிஸ்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. உறையை ஒட்டும் நேரத்தில் பிரிட்டா வந்தாள். கோர்டியின் வண்டியைத் தருகிறேன், சனிக்கிழமை நீயே ஓட்டிக்கொண்டு போ என்றேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

"எனக்கு லைசென்ஸ் இல்ல. டெஸ்ட்ல நாலு தடவ ஃபெயில். கடைசித் தடவ பார்க்கிங்ல அந்த ஆரஞ்சுக் கூம்பு மேலேயே ஏத்திட்டேன். அந்த ஆபீசர் இறங்கி நடந்தே போயிட்டாரு."

"அடிப்பாவி, இத ஏன் இத்தன நாளா சொல்லல?"

"அது மார்க் ஷீட்ல வராதே!"

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். நாலு தரம் விழுந்து நாலு தரமும் எழுந்து போனவள் அண்ணா, அவளுக்கே அது தெரியவில்லை! இப்போது என் மேஜையில் உட்கார்ந்து அதைத்தான் மளமளவென்று எழுதிக்கொண்டிருக்கிறாள். நடுவில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள்: "நாலு போதுமா, இல்ல திங்கக்கிழமைக்குள்ள இன்னொரு தடவ போயிட்டு வந்துடவா?"

சனிக்கிழமை வருகிறோம், நானும் கூட வருகிறேன். உன் வாசலில் வண்டி நிறுத்திப் பழக வேண்டுமாம். தபால்பெட்டியைக் கழற்றி உள்ளே வைத்துவிடு, அல்பாக்காவையும்.