கேன்சல் அண்ணாச்சி அனுப்பிய கிரிப்டோ

ஆரியசாலைக் கடைத்தெருவில் கேன்சல் அண்ணாச்சி ரத்து செய்யாத ஒரே காரியம், தான் பிறந்ததுதான். அது அவர் கையில் இல்லை.

வத்தல் மிளகாய் மொத்தக் கடை அவருடையது. கணக்கு எழுதுவது நான். ஹோட்டலில் தோசை கல்லில் விழுந்த பிறகு, "வேண்டாம்டே, இட்லி போதும்" என்பார். பொன்முடி மலைக்குக் கார் பிடித்து, பாதி வழியில் விதுராவில் மேகத்தைப் பார்த்ததும் எங்கள் எல்லோரையும் திருப்பிக் கூட்டி வந்தார். கோபம் வந்தால் என் வேலையை ரத்து செய்வார். டீ வருவதற்குள் அந்த ரத்தையும் ரத்து செய்துவிடுவார்.

போன வருஷம், வெளிநாட்டிலிருக்கும் அவர் தம்பியிடமிருந்து செய்தி வந்தது. வீடு பாகம் பிரித்த சண்டையில் பேச்சு நின்றுபோன தம்பி. நெஞ்சில் ஆபரேஷன், உடனே பணம் கட்ட வேண்டும், வங்கி வழியாக என்றால் நாளாகும், கிரிப்டோவில் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. எப்போதோ ஆசைப்பட்டு வாங்கிப் போட்டிருந்ததை எல்லாம் என்னை வைத்து அனுப்பிவிட்டார்.

சாப்பிட்டு வந்ததும் பழைய கோபம் ஏறிவிட்டது.

"அம்மை சாவுக்கே வராத பய. அதைக் கேன்சல் பண்ணுடே."

"முடியாது அண்ணாச்சி. கிரிப்டோல போய்ச் சேர்ந்துட்டுன்னா சேர்ந்ததுதான்."

"பேங்க்ல சொல்லு."

"இதுல பேங்கே கிடையாது. வாங்கினவரு மனசு வச்சுத் திருப்பி அனுப்பினாத்தான் உண்டு."

"அப்போ அவன்கிட்ட நான் பேசணும், அல்லே?"

கல்லாவில் உட்கார்ந்தபடியே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். நான் சாட்சியாம்.

"அண்ணே, பைசா கிட்டிச்சு" என்றது தம்பியின் மெலிந்த குரல். "கேன்சல் பண்ணவா கூப்பிட்டிய? இன்னும் கட்டல. சொன்னா திருப்பிடுதேன்."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், கண் நிறைந்திருந்தது.

"மொதல்ல போய்க் கட்டுலே" என்றார். "கஞ்சி ஏதாச்சும் குடிச்சியா?"

தம்பியைப் பார்க்கப் போக விசா வந்த அன்றே விமான டிக்கெட் போட்டார். நான் அதை ரத்து செய்யத் தயாராகக் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. விமான நிலையத்துக்குப் போகும்போது வானம் நன்றாக மூடியிருந்தது, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

தம்பி தேறிவிட்டார். அண்ணாச்சிதான் திரும்பி வரும் டிக்கெட்டை ரத்து செய்துகொண்டே இருக்கிறார். கடையை நான் பார்த்துக்கொள்கிறேன். என் வேலையை ரத்து செய்ய ஆளில்லாமல், வந்த டீ மேசையிலேயே ஆறிப்போகிறது.