ஆந்தைக்கும் ஹைட்ராய்டுக்கும் பத்து வித்தியாசம்

"பக்கத்தை நிரப்புவதற்காகக் கதையளப்பவன் மனித குலத்துக்கே எதிரி!"

தேர்வு அறையின் நடுவில் நின்று விலங்கியல் ஆசிரியர் அறிவித்தார். குரலில் துளி விளையாட்டு இல்லை.

முன்வரிசை மாணவி எழுந்தாள். "சார், கடைசிக் கேள்வியில ஆந்தையையும் ஹைட்ராய்டையும் ஒப்பிடுகன்னு இருக்கு. நிஜமாவா?"

தாளை வாங்கிப் பார்த்தார். ஒன்று ராத்திரிப் பறவை. மற்றது கடற்பாறையில் செடிபோல ஒட்டிக்கிடக்கும் நகக்கண் அளவு உயிரி. இது அவர் கேட்ட கேள்வியே இல்லை. டைப்பிஸ்ட்தான் சொதப்பியிருக்க வேண்டும். ஆனால் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவர் இவர். உதவித் தலைமையாசிரியர் பதவி யாருக்கு என்று முடிவாகப் போகிற நேரத்தில் இதையெல்லாம் ஒப்புக்கொள்ள முடியுமா?

"வேணும்னேதான் கேட்டேன். மூளை இருக்கறவங்களுக்கான கேள்வி."

"பிரமாதம்!" வாசலில் தலைமையாசிரியை. "விடையையும் இன்னைக்கே எழுதிக் குடுத்துடுங்க சார். அஞ்சு வித்தியாசம் போதும்."

"அஞ்சு என்ன மேடம், பத்தே தரேன்!" வாய் முந்திக்கொண்டது.

தேர்வு முடிந்ததும் ஆசிரியர் அறைக்கு ஓடிவந்து உட்கார்ந்து, வாய்விட்டு முணுமுணுத்தபடியே எழுதினார். ஆந்தைக்கு இறகு உண்டு, ஹைட்ராய்டுக்கு இல்லை. ஆந்தைக்கு மூளை உண்டு, ஹைட்ராய்டுக்கு இல்லை. அதற்குமேல் அவருக்கும் இல்லை.

"ரெண்டையும் மொட்டை மாடியிலேர்ந்து போட்டுப் பாருங்களேன்," என்றார் இயற்பியல் ஆசிரியர், டிபன் டப்பாவிலிருந்து தலையை எடுக்காமல்.

"யோவ், ஆந்தை பறந்துடும்யா!"

"அதுவே ஒரு வித்தியாசம்தானே?"

முறைத்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

அப்புறம் பேனா தானாகவே ஓட ஆரம்பித்தது. 'ஆந்தை இரவில் அலறும். இரவு என்பது பகல் முடிந்தபின் வருவது. ஹைட்ராய்டு அலறாது. அலறினாலும் கடல் இரைச்சலில் கேட்காது. கடல் மிகப் பெரியது. அதில் கப்பல்கள் போகும். கப்பல்கள் பலவகைப்படும்...' அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினார். வரிகளுக்கு நடுவே இடமும் தாராளமாக விட்டார்.

மூன்றாம் பக்கம் புரளும்போது டைப்பிஸ்ட் எட்டிப்பார்த்தார்.

"சீக்கிரம் சார், மேடத்தோட பொண்ணு வெளியில காத்துட்டிருக்கு. அந்த ஆந்தைக் கேள்வி அது ஸ்கூல்ல குடுத்த வீட்டுப்பாடமாம். வீட்டுல யாருக்கும் விடை தெரியலன்னுதான் மேடம் உங்க கேள்வித்தாள்ல சேர்க்கச் சொன்னாங்க. பொண்ணு நல்ல மார்க் வாங்கட்டும், அப்புறம் உங்க பதவியப் பாக்கலாம்னாங்க."