பூச்சி மருந்தும் பௌர்ணமி மோரும்

இதை ஒழுங்காகச் சொல்வேனோ என்று பயமாக இருக்கிறது. எட்டாவதோடு நின்றவள் நான். கோபம் வந்தால் முன்னது பின்னதாகிவிடும். இப்போதும் கோபமாகத்தான் இருக்கிறேன்.

எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரம். பௌர்ணமிக்கு வாசலில் அண்டா வைத்து, நடந்து வருகிறவர்களுக்கு நீர்மோர் ஊற்றுவேன். இதுவரை ஒருத்தர் முகம் சுளித்ததில்லை. போன சித்ரா பௌர்ணமியில் அந்தப் பேரே போக இருந்தது. காரணம், என் வீட்டுக்காரர் இருசப்பன்.

பின்பக்கக் கத்திரிச்செடியில் பூச்சி. இவர் செல்போனில் எதையோ பார்த்துவிட்டு வேப்பிலை, நொச்சி, ஆடாதொடை, பெருங்காயம் எல்லாம் அரைத்துப் புளித்த மோரில் ஊறப்போட்டார். அரைத்தது என் மிக்ஸியில். ஊறப்போட்டது என் இன்னொரு அண்டாவில்!

"ஆடே வாய் வைக்காத இலைடி. பூச்சி வைக்குமா? பூச்சிக்கு விஷம், மனுஷனுக்கு மருந்து!"

இதைத் தெருவெல்லாம் வேறு சொல்லி வைத்தார்.

பௌர்ணமியன்று பின்பக்கத்தில் மோரைக் கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டுக் கலந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் இரண்டு அண்டாவும் வாசலில் ஜோடியாக நிற்கின்றன. இரண்டிலும் பச்சை மிதக்கிறது. இரண்டிலும் பெருங்காய வாசனை.

"ஏங்க, உங்க மருந்தை யாரு இங்க வெச்சது?"

"வெயில் படுதேன்னு ரெண்டையும் நான்தான் தூக்கியாந்தேன். உதவி பண்ணாக்கூட தப்பா?"

"இதுல எது மோரு?"

"இடது பக்கம். எனக்குத் தெரியாதா? இப்பதான் வலது அண்டாவுலருந்து மொண்டு செடிக்கு அடிச்சேன். ஒரு பூச்சி காணோம்!"

அதற்குள் பாதையில் வந்த ஒரு பெரியவர் "மோர் குடும்மா" என்று கை நீட்டினார். "கொஞ்சம் இருங்கய்யா" என்று அண்டாவை மறைத்து நின்றேன்.

"அப்ப இடது பக்கத்துல நீங்க ஒரு டம்ளர் குடிங்க."

"நான் எதுக்கு?"

"மோரா இருந்தா மோரு. இல்லன்னா மனுஷனுக்கு மருந்துதானே?"

எதிர்வீட்டுக் கஸ்தூரி வாசலுக்கே வந்துவிட்டாள். "ஜாஸ்தியா ஊத்துக்கா, அண்ணனுக்கு உடம்புக்கு நல்லது!"

மனுஷனால் பின்வாங்க முடியவில்லை. ஒரு வாய்தான் குடித்தார். முகம் பிழிந்த துணியாகிவிட்டது. குழாயடிக்கு ஓடினார்.

"அப்ப செடிக்கு அடிச்சது என் மோரா?" என்று கத்தினேன்.

"பூச்சி ஓடலக்கா," என்றாள் கஸ்தூரி. "சொந்தக்காரங்களைக் கூப்பிடப் போயிருக்கு."

இப்போதெல்லாம் பௌர்ணமிக்கு முதல் டம்ளர் அவருக்குத்தான். அவர் முகம் கோணாமல் இருந்தால்தான் மற்றவர்களுக்கு ஊற்றுகிறேன்.