விசாரணை அண்ணையின் நாற்பத்தொரு கேள்விகள்

ஆரணி, நிலவன், இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டு இதை வாசியுங்கள். இந்த நாட்டுக்கு வரும்போது விசா அதிகாரி என்னிடம் கேள்வி கேட்டார். வீட்டுக்கடன் எடுக்கப் போனபோது வங்கியில் கேட்டார்கள். உங்கள் அம்மாவைப் பெண் பார்க்கப் போன அன்று அவளுடைய நாலு மாமன்மாரும் வரிசையாகக் கதிரை போட்டு இருந்து கேட்டார்கள். இவர்கள் எல்லாரையும் ஒன்றாகக் கட்டி வைத்தாலும் விசாரணை அண்ணையின் கால் தூசுக்குக் காணாது. சிட்னியில் அவரளவுக்குக் கேள்வி கேட்ட மனிதர் அவருக்கு முன்னும் இல்லை, இனி வரப்போவதும் இல்லை.

போன கிழமை சாப்பாட்டு மேசையில் அவருடைய கதை வந்தபோது ஆரணி கேட்டாள்: "அப்பா, வட்ஸ் ஹிஸ் ரியல் நேம்?" நான் கோப்பையைக் கழுவுகிற சாட்டில் எழும்பிப் போய்விட்டேன். அதற்கான பதில் இந்தக் கட்டுரையில் இருக்கிறது. கொஞ்சம் சுற்றித்தான் வரும்.

2011ஆம் வருடம், நான் வேலை செய்த பலகை வெட்டும் பக்டரியை டிசம்பரில் நத்தாரோடு மூடப்போவதாகச் சொன்னார்கள். எனக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. படிப்பு பள்ளிக்கூடத்தில் ஓ.எல். சோதனை வரை. வேறு பக்டரிக்காரர் யாரும் மாலையோடு வாசலில் நிற்கவில்லை. எனக்கு ஒழுங்காகத் தெரிந்த வேலை கார் ஓட்டுவது ஒன்றுதான். பயிற்சியாளர் லைசென்ஸ் எடுத்தேன், காரில் என் பக்கத்துக்கும் ஒரு பிரேக் பூட்டினேன், கூரையில் மஞ்சள் பலகை வைத்தேன். எல்லாம் தயார், மாணவர்கள்தான் இல்லை. நத்தாருக்குள் ஆட்கள் சேராவிட்டால் காரை விற்க வேண்டும், அம்மா முதியோர் இல்லத்தில் இரண்டு நேர வேலை செய்ய வேண்டும். வெப்சைட் இல்லாதவனிடம் இப்போது ஒருவரும் வரமாட்டார்கள் என்று நாங்கள் இருக்கிற டூங்கபி முழுவதும் சொன்னது. வெப்சைட் செய்ய ஆள் யார் என்று கேட்டபோது, சொன்னவர்கள் எல்லாரும் ஒரே பெயரைச் சொல்லி ஒரே மாதிரிச் சிரித்தார்கள்.

விசாரணை என்றால் எங்கள் நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு ஆமியும் பொலிசும்தான் ஞாபகம் வரும். அப்படிப்பட்ட சொல்லை ஒரு மனிதருக்குப் பட்டப்பெயராக வைத்திருக்கிறார்கள் என்றால் அவர் எத்தனை பேரைப் பாடுபடுத்தியிருப்பார் என்று யோசியுங்கள். மெலிந்த உயரமான ஆள். காதில் பென்சில், கையில் மண்ணிறக் கோப்பு, தோளில் தன்னுடைய பால் விடாத பிளேன்ரீ நிரப்பிய பிளாஸ்க். முதல் மூன்று சந்திப்புக்கும் கம்ப்யூட்டர் கொண்டுவர மாட்டார். கேள்விகள் முடியும்வரை யார் வீட்டிலும் தேத்தண்ணி குடிக்க மாட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "குடிச்சால் பிறகு கேக்க வாய் வராது" என்று சொன்னாராம்.

அவரால் பாதிக்கப்பட்டவர்கள் பலர். பற்றீஸ் அன்ரி என்று ஒருவர், பிறந்தநாள்களுக்குப் பற்றீஸும் ரோல்ஸும் செய்து கொடுப்பவர். தன்னுடைய வெப்சைட்டைத் திறந்ததும் லட்சுமி படம், மேலிருந்து பூ விழ வேண்டும், நடுவில் தான் காஞ்சிபுரம் உடுத்து நிற்கும் படம், பக்கத்தில் மகளின் அரங்கேற்றம் என்று கேட்டார். அண்ணை பென்சிலை எடுத்தார். பிள்ளைக்கு நாளைக்குப் பிறந்தநாள், ஐம்பது ரோல்ஸ் வேண்டும் என்று அவசரத்தில் வருகிற தாய் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

"என்னைத்தான்" என்றார் அன்ரி.

"உங்களைச் சாப்பிடேலாதே."

அன்ரி அதற்குப் பிறகு ஆறு மாதம் அவரோடு கதைக்கவில்லை. ஏழாவது மாதம் ரோல்ஸ் படத்தோடு வெப்சைட் வந்தது. பூ விழவில்லை.

ஒரு பழைய மாணவர் சங்கத்தின் கதை இதைவிட மோசம். பதினொரு பேர் கொண்ட நிர்வாகக் குழு அவரை அழைத்தது. ஆறாவது கேள்வியாக, உங்களுக்குள் அபிப்பிராய பேதம் வந்தால் கடைசி முடிவு யாருடையது என்று கேட்டார். தலைவர் தன்னுடையது என்றார். செயலாளர் தன்னுடையது என்றார். பொருளாளர் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அடுத்த மாதம் அது இரண்டு சங்கமாகிவிட்டது. இரண்டு சங்கமும் தனித்தனியாக வெப்சைட் கேட்டு அவரிடமே வந்தன. அவர் இரண்டு குழுவிடமும் அதே ஆறாவது கேள்வியைக் கேட்டார். நல்லவேளை, மூன்றாவது சங்கம் வரமுதல் யாரோ அவரைச் சாப்பிட அழைத்துப் போய்விட்டார்கள்.

இந்த மனிதரைத்தான் நான் எங்கள் கராஜுக்குள் கூப்பிட்டு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தினேன்.

வெப்சைட் ஏன் வேண்டும் என்று கேட்டார். எல்லாரும் வைத்திருக்கிறார்கள் என்றேன். அதை அப்படியே எழுதினார். எழுதியதைத் திருப்பி வாசித்தும் காட்டினார். தன் முட்டாள்தனத்தை இன்னொருவரின் அழகான கையெழுத்தில் பார்ப்பது சுகமான விஷயம் இல்லை. இப்படியே எட்டுக் கேள்வி போனது. ஒன்பதாவது, இந்த வெப்சைட் யாருக்கு என்பது.

"எல்லாருக்கும்" என்றேன்.

"எல்லாரும் எண்டால்?"

"எல்லாரும்தான் அண்ணை. ஆர் வந்தாலும் படிப்பிப்பன்."

"சரி. அப்ப ஆர் வரத் தேவையில்லை எண்டு சொல்லுங்கோ."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் ஆட்களுக்குள் ஒருவரைப் பார்த்து நீ வரத் தேவையில்லை என்று சொல்ல முடியுமா? அடுத்த ஞாயிறு ஏதாவது ஒரு மண்டபத்தில் அதே ஆளோடு ஒரே மேசையில் இருந்து புரியாணி சாப்பிட வேண்டும். இங்கே கலியாணக் கார்டில் பெயர் விடுபட்டதற்கே பத்து வருசம் கதைக்காத குடும்பங்கள் இருக்கின்றன.

"அண்ணை, நீங்கள் வெப்சைட் செய்ய வந்தனீங்களோ, என்னை விசாரிக்க வந்தனீங்களோ? எப்ப வேலையைத் துவங்குவியள்?"

அவர் கோப்பைப் பார்த்தபடி, "துவங்கி ஒரு மணித்தியாலம்" என்றார்.

அன்றே அவரை வழியனுப்பி வைத்தேன். பிளாஸ்க்கை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கமாக நடந்து போனார்.

அடுத்ததாக வெப்சைட் செய்ய நான் பிடித்த தம்பி தங்கமான பிள்ளை. என்னிடம் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: "அங்கிள், என்ன கலர்?" நீலம் என்றேன். நாலாம் நாள் வெப்சைட் வந்துவிட்டது. முழு நீலம். திறந்ததும் வீணை வாசித்தது. படத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார். நான் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அயல்வீட்டாரையும் கூப்பிட்டேன். பத்து வயது நிலவன் எட்டிப் பார்த்து, "அப்பா, ஸ்டியரிங் இஸ் ஒன் த ரோங் சைட்" என்றான். பெரியாக்கள் கதைக்கும்போது குறுக்கே வராதே என்று நான் அவனை அதட்டினேன்.

நிலவன், அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். அது அமெரிக்கக் கார். அந்த மனிதர் இடது பக்கத்தில் இருந்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று கிழமையில் பதினொரு அழைப்பு வந்தது. ஏழு பேர் லொறி ஓட்டப் பழகக் கேட்டார்கள். தம்பி எங்கேயோ ஒரு லொறிப் பயிற்சிப் பள்ளியிலிருந்து எழுத்தை அப்படியே எடுத்து என் பெயரை ஒட்டியிருந்தார். இரண்டு பேர் எனக்கு எதையோ விற்கப் பார்த்தார்கள். ஒரு முதியவர் அந்த வீணை என்ன ராகம் என்று கேட்டார். கடைசியாக எடுத்தவர் ஒரு அன்ரி. மிகவும் பயந்த குரல்.

"தம்பி, உங்கட படத்தில அந்த மனிசன் பசஞ்சர் சீற்றில இருந்தெல்லே ஓடுறார். உங்களிட்டப் பழகினால் நானும் அப்பிடித்தான் ஓடவேணுமோ?"

பக்டரி மூட ஆறு கிழமை இருந்தது. வெட்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு விசாரணை அண்ணைக்குப் போன் எடுத்தேன். திட்டுவார் என்று காதைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன். "ஓம், ஒன்பதாவதில நிண்டனாங்கள். சனிக்கிழமை வாறன்" என்றார், ஏதோ நடுவில் ஒரு தும்மல் வந்து நின்றதுபோல.

சனிக்கிழமை அதே கராஜ், அதே கதிரை, அதே கேள்வி. அவர் கேள்வியைக் கொஞ்சம் திருப்பினார். லைசென்ஸ் எடுக்க முதல், தெரிந்தவர்கள் என்று என்னிடம் கார் பழகியவர்கள் யார் யார்? அம்மா, அம்மாவோடு வேலை செய்கிற மலர், அவள் மூன்று தரம் டெஸ்டில் தோற்றவள். பிறகு ஒரு ரீச்சர், புருசன் ரவுண்ட் எபவுட் நடுவில் வைத்துக் கத்தியதால் காரை அங்கேயே விட்டு இறங்கி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தவர். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு அம்மா. அவர்கள் எல்லாரும் ஏன் உங்களிடம் வந்தார்கள் என்று அண்ணை கேட்டார். தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.

"இவர் கத்தமாட்டார்."

சொன்னது உங்கள் அம்மா. கராஜிலிருந்து குசினிக்குத் திறக்கிற கதவடியில் கரண்டியோடு நின்றாள். அண்ணை கதிரையை அவள் பக்கம் திருப்பினார். பென்சில் தயாராகிவிட்டது. அம்மாவுக்கு இப்படி ஒரு மேடை அதுவரை கிடைத்ததில்லை.

"வீட்டில கத்துவார். ரீவி றிமோட்டைக் காணேல்லை எண்டால் றோட்டுக்குக் கேக்கும். கார் பழக்கேக்க மட்டும் கத்தமாட்டார். நான் ரிவேர்ஸ் எடுக்கேக்க எங்கட லெற்றர் பொக்ஸை இடிச்சுச் சரிச்சுப் போட்டன். இறங்கி நிண்டு அழுறன். இவர் வந்து பாத்துட்டு, 'பரவாயில்லை, இனி அது எங்கை இருக்கெண்டு மறக்கமாட்டீர்' எண்டார்."

அண்ணை ஒரு சொல் விடாமல் எழுதினார். லெற்றர் பொக்ஸ் இன்னும் சரிந்துதான் நிற்கிறதா என்று கேட்டு, வெளியே போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். வந்து உட்கார்ந்து மறுபடி என்னைப் பார்த்தார்.

"அப்ப ஆர் வரத் தேவையில்லை?"

"பதினேழு வயசுப் பொடியள்" என்று என் வாய் தானாகச் சொன்னது. "பயமில்லாத ஆக்கள். அவைக்கு நான் தேவையில்லை அண்ணை."

கூரை இடிந்து விழவில்லை. எந்தப் பொடியனின் தகப்பனும் சண்டைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு கேள்விகள் ஓடின. நான் காரில் இருக்கும்போது போனை யார் எடுப்பது, எந்த மொழியில் எடுப்பது, நேரம் மாறினால் யார் வெப்சைட்டில் மாற்றுவது என்று போய் நாற்பது முடிந்தது. போனை அம்மா எடுப்பதாகவும் நேரத்தை ஆரணி மாற்றுவதாகவும் ஏற்பாடு. நாற்பத்தோராவது கேள்வி: இந்த வெப்சைட் இனித் தேவையில்லை என்பதை எதை வைத்து அறிவீர்கள்?

"பிள்ளை பிறக்க முதலே செத்தவீட்டுக்குத் திகதி கேக்கிறியள் அண்ணை."

"இப்ப எழுத வேண்டாம். வெறுமையா விடுங்கோ" என்று அந்தக் கேள்வி எழுதிய தாளை எனக்கே தந்துவிட்டார். பிறகு பிளாஸ்க்கை மூடி வைத்துவிட்டு, அம்மா ஊற்றிய தேத்தண்ணியை இரண்டு கப் குடித்தார்.

வெப்சைட் வந்தது. நீலம் இல்லை, வீணை இல்லை. வெள்ளைப் பக்கத்தில் எங்கள் சரிந்த லெற்றர் பொக்ஸின் படம். மேலே தமிழிலும் இங்கிலிஷிலும், "டெஸ்டில் தோற்றவரா? பயமா? வாருங்கள். இங்கே கத்தமாட்டோம்." கீழே அம்மாவின் நம்பர். என் காரின் படத்தையும் போடும்படி கேட்டேன். "ஏன்?" என்றார். அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

பக்டரி மூடிய கிழமை என் கொப்பியில் பெயர் எழுத இடம் இல்லை. பிளாக்டவுனிலிருந்து வந்தார்கள், அதற்கு அப்பாலிருந்தும் வந்தார்கள். எல்லாரும் தோற்றவர்கள், அழுதவர்கள், புருசன்மாரால் நடுறோட்டில் கைவிடப்பட்டவர்கள். தமிழர் மட்டுமில்லை. ஒரு சீனத்துப் பெண் லெற்றர் பொக்ஸைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறினார். அம்மா ஒரு நேர வேலையோடு நின்றாள். இந்த வீட்டில் நீங்கள் இருவரும் இருந்து சோறு சாப்பிடுவது அந்தப் பென்சிலாலும்தான்.

இந்த 2016ஆம் வருசத் தொடக்கத்தில் ஒரு நாள் அண்ணை வந்தார். மெல்பேர்ணுக்கு, டார்னெய்ட் பக்கம் போகப்போவதாகச் சொன்னார். வெப்சைட்டில் நேரம் மாற்றுவது இன்னும் ஆரணிதானா என்று கேட்டார். மலர் பாஸ் பண்ணிவிட்டாளா என்று கேட்டார். "சரி, போட்டு வாறன்" என்று எழும்பிப் போனார். கேட்டதெல்லாம் அவர்தான்.

ஆரணி, இப்போது உன் பதில். அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. என் போனில் விசாரணை என்றுதான் இருக்கிறது. மெல்பேர்ணில் யார் இருக்கிறார்கள், இங்கே யாரோடு இருந்தார், குடும்பம் எங்கே, எதுவும் தெரியாது. ஒவ்வொரு முறையும் ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிடம் நடந்துதான் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடிகிறது. ஊர் முழுவதற்கும் கார் பழக்குகிற நான் அவரிடம் அதைக்கூடக் கேட்கவில்லை. எல்லாரையும் நாற்பத்தொரு கேள்வி கேட்ட மனிதரை ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நாங்கள் அவரைப் பற்றிச் சிரித்தோம், அதோடு சரி.

நீ கேட்டதற்கு அடுத்த நாள் காலை உங்களைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, காரை ஒரு மர நிழலில் நிறுத்தினேன். டாஷ்போர்டுப் பெட்டிக்குள் இருந்த அந்த நாற்பத்தோராவது கேள்வித் தாளை எடுத்துத் திருப்பி, வெறும் பக்கத்தில் பென்சிலால், "அண்ணை, உங்கட பேர் என்ன?" என்று எழுதினேன். இவ்வளவு காலத்துக்குப் பிறகு அதை முதலாவதாகக் கேட்க வெட்கமாக இருந்தது. அதற்குப் பக்கத்தில் மூன்று என்று இலக்கம் போட்டேன். இரண்டாவதாக, "கார் பழக விருப்பமோ?" முதலாவதாக, "சாப்பிட்டீங்களோ?"

பிறகு அவருடைய நம்பரை அழுத்திவிட்டு, மணி அடிக்க அடிக்க, மறந்துபோகாமல் முதலாவது கேள்வியில் விரலை வைத்துக்கொண்டு இருந்தேன்.