மாமனார் கொடுத்த தோட்டாப் பெட்டி

யோஸ்ட் ஐந்து முறை சுட்டான். காகிதத்தில் நான்கு ஓட்டைகள்தான் இருந்தன. அந்த நான்கும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி மூலைக்கு ஒன்றாக நின்றன.

ஐந்தாவது எங்கே போனதென்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை திருவிழா. இன்னும் நான்கே நாள்.

"மாமா, இந்தத் தோட்டா சரியில்ல."

மாமனார் ஓட்மார் புண்பட்டுப் போனார். "சரியில்லையா? பதினெட்டு வருஷமா இதைத்தான் போடறேன். பேசாம இதையே போடுங்க, ஹாம்பர்க்காரரே!"

ஆல்முட்டைக் கல்யாணம் செய்துகொண்டு யோஸ்ட் எங்கள் பிர்க்கன்ஹோல்ட் கிராமத்துக்குக் குடிவந்து இரண்டு வருடமாகிறது. மாமனார் அவனை ஒரு தடவைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் வாயிலிருந்து 'யோஸ்ட்' என்று ஒரே ஒரு முறை கேட்டுவிட்டால் போதும், அவனுக்கு ஜென்மம் சாபல்யமாகிவிடும்.

அதற்கு வழி அந்தத் திருவிழாதான். உயரமான கம்பத்தின் உச்சியில் மரத்தால் செய்த பறவை ஒன்றை வைப்பார்கள். துப்பாக்கிச் சங்கத்தார் வரிசையில் வந்து ஆளுக்கொரு குண்டு சுடுவார்கள். கடைசித் துண்டை வீழ்த்துகிறவன் அடுத்த திருவிழா வரை ஊருக்கு ராஜா. புதிதாகச் சேர்ந்தவன் கட்டாயம் சுட வேண்டும்.

"எங்க வீட்ல முப்பத்தொரு வருஷமா ஒருத்தரும் ராஜா ஆனதில்ல" என்று மாமனார் ஒருமுறை சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. பாவம், எவ்வளவு ஏக்கம் என்று யோஸ்டும் கலங்கிப் போனான்.

ஊரே பார்க்கும்போது குண்டு குறி தப்பினால்? அதைவிட மோசம், வெடிக்காமலே போனால்? இந்தச் சின்னத் தோட்டாவில் வெடிக்கிற பசை விளிம்புக்குள்தான் இருக்கும். அது சீராகப் பரவாத இடத்தில் துப்பாக்கியின் ஊசி அடித்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

மைத்துனன் ஃபோல்கர் அன்று மாலையே ஒரு தகர டப்பாவைக் கோட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்தான்.

"மச்சான், இத நான் யாருக்கும் குடுக்கறதில்ல. நீங்க நம்ம வீட்டு ஆளு."

"நல்லாப் போகுமா?"

"கண்ண மூடிக்கிட்டுப் போடுங்க!"

யோஸ்ட் கண்ணைத் திறந்துகொண்டேதான் போட்டான். ஐந்தில் மூன்று 'டிக்'.

மறுநாள் காலையில் ரொட்டிக் கடை கோட்ஹார்ட், ரொட்டிப் பைக்குள் ஒரு பெட்டியைத் திணித்து அனுப்பினார். "தம்பி, காசு கீசுன்னு பேசாதீங்க. என் ஞாபகமா வச்சுக்கங்க" என்று கையைப் பிடித்து அழுத்தினார். அந்தத் தோட்டாவோ ஒன்று மேலே போனது, அடுத்தது கீழே போனது. நடுவில் போவது தனக்குக் கௌரவக் குறைச்சல் என்று அது முடிவு செய்திருந்தது.

யோஸ்டுக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. சதி! வெளியூர்க்காரன் ராஜாவாகிவிடக் கூடாதென்று மூன்று பேரும் கூடிப் பேசி மட்டமான சரக்கைத் தலையில் கட்டுகிறார்கள். பெண் கொடுத்த மாமனாரே இதற்கு உடந்தை.

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. லீவு போட்டுவிட்டுப் பக்கத்து டவுனிலிருந்த துப்பாக்கிக் கடைக்கு ஓடினான்.

"இருக்கறதுலயே விலை கூடினது குடுங்க."

கடைக்கார அம்மாள் சிரித்தாள். "விலையைப் பாத்து வாங்கினா ஏமாந்து போவீங்க. ஒவ்வொரு துப்பாக்கிக் குழாய்க்கும் ஒவ்வொரு நாக்கு. பக்கத்து வீட்டுத் துப்பாக்கிக்குப் பிடிச்சது உங்களுதுக்குப் பிடிக்காது. ஒரே கம்பெனி, ஒரே பேரு, ஆனா பெட்டில போட்டிருக்கற தயாரிப்பு எண் மாறினா குணமும் மாறிடும். ஆறு தினுசுல ஒவ்வொரு பெட்டி எடுத்துட்டுப் போயி சுட்டுப் பாருங்க. ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்தறப்போ முதல் பத்தை விட்டுடுங்க, குழாய் பழகணும். பிடிச்சது கிடைச்சா அதே எண்ல இன்னும் ரெண்டு பெட்டி வாங்கி வச்சுக்கங்க."

யோஸ்ட் அன்று முழுக்கச் சுட்டான். விலை கூடியது காகிதத்தையே மதிக்கவில்லை. இரண்டாவது இடது பக்கம் சாய்ந்தது. மூன்றாவதில் ஒரு 'டிக்'. நான்காவது நடுத்தர விலைச் சரக்கு; அதில் ஐந்து குண்டும் ஒரே ஓட்டைக்குள் போயின. கட்டை விரலை வைத்து மூடினால் மறைந்துவிட்டது. நம்பாமல் இன்னும் நாற்பது சுட்டான். ஒன்றுகூட 'டிக்' இல்லை. திரும்ப டவுனுக்கு ஓடி, அதே எண்ணில் இரண்டு பெட்டி வாங்கினான்.

எங்கள் ஊரில் அப்படியெல்லாம் ரகசியம் தங்காது. வெள்ளிக்கிழமை மூன்று பேரும் வாசலில் நின்றார்கள்.

"மச்சான், கடைச் சரக்கை நம்பாதீங்க. ஆபத்து!" என்றான் ஃபோல்கர்.

"தம்பி, என் பெட்டிக்கு என்ன குறைச்சல்?" ரொட்டிக் கடைக்காரருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மாமனார் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு மேஜையில் ஆல்முட்டும் ஆரம்பித்தாள். "அப்பா குடுத்ததையே போட்டுட்டு வந்துடேன். எதுக்கு வீண் பிடிவாதம்?"

"நீயுமா? ஏன்னு ஒரு காரணம் சொல்லு!"

"இதெல்லாம் வாயைத் திறந்தா சொல்லுவாங்க? ஊர் மானம் என்ன ஆவறது?" என்று உருளைக்கிழங்கை அவன் தட்டில் தொப்பென்று போட்டாள்.

கட்டிய மனைவியும் எதிர்க்கட்சி. அதன் பிறகு யோஸ்ட் குளியலறைக்குக்கூடப் பெட்டியை எடுத்துக்கொண்டுதான் போனான்.

ஞாயிறு மதியம் வரிசையில் நின்றபடி பெட்டியைத் திறந்தவன் வெலவெலத்துப் போனான். பெட்டி அவனுடையதுதான். உள்ளே இருந்ததோ மாமனாரின் மங்கிப்போன தோட்டாக்கள்! திரும்பிப் பார்த்தான். மாமனார் அவசரமாக மேகத்தைப் பார்த்தார்.

நல்லவேளை, இரண்டாவது பெட்டி காலுறைக்குள் பத்திரமாக இருந்தது.

பறவைக்குச் சிறகும் தலையும் காலையிலேயே போய்விட்டன. மிச்சமிருந்த துண்டு ஒற்றை ஆணியில் ஊசலாடிக்கொண்டிருந்தது. அப்படியே இரண்டு மணி நேரமாகியும் ஒருவராலும் அதை அடிக்க முடியவில்லை. ஃபோல்கர் விசையை அழுத்தினான், 'டிக்'. "சனியன்!" என்று வானத்தைப் பார்த்து அழகாகத் திட்டிவிட்டு நகர்ந்தான். கோட்ஹார்ட்டின் குண்டு கம்பத்துக்குப் பின்னால் இருந்த இரும்புத் தடுப்பில் 'டங்' என்றது. மாமனாருடையதும் 'டங்'.

யோஸ்டின் முறை. கடவுளே, இந்த ஒரு குண்டு மட்டும் வெடித்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டு சுட்டான்.

துண்டு பொத்தென்று விழுந்தது.

கூட்டம் ஹோவென்று கூவியது. பழைய ராஜா லூட்கர் ஓடி வந்தார். காது சிராய்க்கிற வேகத்தில் தன் வெள்ளிச் சங்கிலியைக் கழற்றி யோஸ்டின் கழுத்தில் மாட்டிவிட்டு, தேம்பித் தேம்பி அழுதார். அவர் மனைவியும் அழுதாள்.

மாமனார் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். "யோஸ்ட்! யோஸ்ட்! என்ன காரியம் பண்ணிட்டே!"

பெயர்! இரண்டு தடவை! யோஸ்டுக்குக் கண்ணில் நீர் முட்டியது. தூரத்தில் ஆல்முட் முகத்தைக் கைகளால் பொத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை போலிருக்கிறது.

சங்கத் தலைவர் காகிதத்தைப் பிரித்து முழங்கினார். "நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு பேண்டு வாத்தியம் ராஜா வீட்டுக்கு வரும். மாசம் ஒருதரம் நூத்தி நாப்பது பேருக்கு ராஜா வீட்டுல, ராஜா செலவுல விருந்து. முப்பத்தாறு ஞாயித்துக்கிழமை வெளியூர் ஊர்வலம்..."

யோஸ்ட், பீர் ஊற்றிக்கொண்டிருந்த வீப்காவிடம் போய் ஒரு கோப்பை வாங்கி மடமடவென்று குடித்தான்.

"பாத்தியா வீப்கா? மட்டமான தோட்டாவா பாத்துக் குடுத்து, என்னைக் கவுக்கப் பாத்தாங்க. என்கிட்டயா நடக்கும்?"

வீப்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மட்டமா? எங்க குறி வச்சாலும் பறவை மேல படவே படாத தோட்டாவத் தேடிப் பிடிக்க உங்க மாமனாருக்கு ஒம்பது வருஷம் ஆச்சு சார்; பெத்த புள்ளைக்கே குடுக்காம, அத உங்களுக்குல்ல குடுத்தாரு!"