அச்சகத்துக்கு அவளை அனுப்ப முடியாத காரணங்கள்

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை எழுதுவது. இங்கே மூவரும் நலம். அண்ணியின் முழங்கால் எப்படி இருக்கிறது?

என் மகளை உன் அச்சகத்தில் தாள் அடுக்கும் வேலைக்குக் கேட்டிருந்தாய். முடியாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆட்டிசம் உள்ளவர்களுக்குச் சில சத்தங்கள் வலிக்கும் என்று டாக்டர் சொன்னார் இல்லையா, அந்தச் ‘சில’வை நான் காதில் வாங்கவில்லை. சுவர்க் கடிகாரத்தை நிறுத்தினேன், கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் விட்டேன், மிக்ஸியை மொட்டைமாடிக்கு நாடு கடத்தினேன், அவள் அப்பாவைத் தும்முவதற்குத் தெருவுக்கு அனுப்பினேன், கடைசியில் ஃபிரிட்ஜையும் அணைத்தேன். பால் திரிந்ததுதான் மிச்சம். அவள் ஃபிரிட்ஜில் முதுகைச் சாய்த்து ஆடிக்கொண்டிருப்பதே அந்த உறுமலுக்காகத்தானாம்! “யாரும்மா இதை அணைக்கச் சொன்னா? இப்ப பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுறது என் மண்டைக்குள்ள விழுது” என்கிறாள்.

சத்தம் போகட்டும், நடை இன்னொரு கதை. அவளுக்குப் புறப்பட மனம் இருக்கும், கால் கேட்காது. போன வாரம் பஸ் படியருகே அப்படியே நின்றுவிட்டாள். கண்டக்டர் “ஏறப் போறியாம்மா, வேடிக்கை பாக்குறியா?” என்று கத்த, நான் “ஏறுடி, ஏறுடி” என்று கத்த, கத்தக் கத்த அவள் கல்லாகிப்போனாள். பஸ் போய்விட்டது. கூட வந்திருந்த அவள் அப்பா பக்கத்தில் போய், நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தார். சற்று நேரத்தில் அவள் காலும் சேர்ந்துகொண்டது. அடுத்த பஸ்ஸில் இருவரும் அணிவகுப்பு மாதிரி ஏறினார்கள். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த நான்தான் கீழேயே நின்றுவிட்டேன்.

நீயே சொல் அண்ணா, நாள் முழுக்க இயந்திரம் அலறுகிற இடத்தில் அவள் என்ன செய்வாள்? கோபித்துக்கொள்ளாதே. அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

உன் தங்கை

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. நான் உறை தேடப் போன நேரத்தில் அவள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். நேற்றே உனக்கு போன் போட்டு, இயந்திரத்துப் பக்கத்தில் போனை வைக்கச் சொல்லிக் கேட்டாளாமே, எனக்கு ஒரு வார்த்தை சொன்னாயா நீ? “அது அலறல் இல்லம்மா, ஒரே தாளம். டடக், டடக். கேட்டாலே கால் தானா எழும்புது.” திங்கட்கிழமை வருகிறாள். அவசரப்படுத்தக் கூடாது என்பது ஒன்றுதான் அவள் நிபந்தனை. நானும் துணைக்கு வருகிறேன் என்றேன்.

“நீ வேணாம்மா. நீயும் மாமாவும் பேச ஆரம்பிச்சா அந்த மெஷின் சத்தமே கேக்காது.”