வேண்டாம் என்றவர்களின் பட்டியல்

பார்ன்ஸ்லி,
புதன்கிழமை

மதிப்புக்குரிய கிளைவ் மாமாவுக்கு,

சட்டத்தை மீறியது நீங்கள். அபராதக் கடிதம் வந்திருப்பது என் பெயருக்கு. ஸ்பெயின் வெயிலில் முழங்கால் வலி குறைந்ததா என்று முதலில் விசாரித்திருக்க வேண்டும். விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

படியேற முடியாதவர்களை உட்காரவைத்து மாடிக்கு ஏற்றிவிடும் மின்நாற்காலி விற்கிறோம், சரி. கேட்காத நாற்பதாயிரம் பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம், அதுவே குற்றம். 'நார்மன், இன்னும் படியேற முடிகிறதா?' என்று இறந்துபோன கணவருக்கு வாராவாரம் வந்ததை நிறுத்த, டோரீன் பிர்கெட் அம்மாள் 'இனி அனுப்பாதே' பொத்தானைப் பதினோரு முறை அழுத்தினார். அழுத்துகிறவர் படிக்கிறவர், படிக்கிறவர் வாங்குவார் என்று அப்படிப்பட்டவர்களையெல்லாம் தனிப் பட்டியலாக்கி, வாரம் ஒன்றை மூன்றாக்கினீர்கள். கடைசியில் அந்த அம்மாள் என்னைத் தொலைபேசியில் அழைத்தார், கத்தக்கூட இல்லை. "ஏற வேண்டிய படியெல்லாம் அவரு ஏறிட்டாரு கண்ணு. இனிமே உங்க நாற்காலி எதுக்கு?" என்றார். நான் கழிவறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். தகவல் பாதுகாப்பு ஆணையத்துக்குப் புகார் போனதும் நீங்கள் என்ன செய்தீர்கள்? அதே நாற்பதாயிரம் பேருக்கு மன்னிப்பு மின்னஞ்சல், கீழே பத்து சதவீதத் தள்ளுபடி. விளக்கம் கேட்டு எழுதிய விசாரணை அதிகாரி பிராட்பென்ட்டின் முகவரியும் பட்டியலில் ஏறிவிட்டது. என்னை அழைத்து, "எனக்கு முப்பத்திநாலு வயசு. குடியிருக்கிறது தரைத்தளம்," என்றார். சிரிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் வான்கோழியை வெட்டிக்கொண்டே, "சும்மா ஒரு கையெழுத்து, பெரிய மனுஷி ஆயிட்ட," என்று என்னை டைரக்டர் ஆக்கினீர்கள். அபராதம் தொண்ணூறாயிரம் பவுண்டு. கம்பெனியைக் கலைத்தாலும் டைரக்டரை விடமாட்டார்களாம். மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவள் நான். பதில் சொல்ல வெள்ளிக்கிழமை வரைதான் கெடு. அன்று காலை வேண்டாம் என்றவர்களின் பட்டியலையும் உங்கள் உத்தரவுகளையும் பிராட்பென்ட்டிடம் கொடுக்கப் போகிறேன். இதில் மாற்றமில்லை.

சகல சுகத்தோடும், விமானம் ஏறி வந்து பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடும் தெம்போடும் நீங்கள் இருக்க வேண்டும்.

உங்கள் அக்கா மகள்,
கெர்ஸ்டி

பி.கு.: உங்கள் புதிய கம்பெனியின் முதல் மின்னஞ்சல் இப்போதுதான் எனக்கே வந்தது. அதே நாற்காலி, அதே பட்டியல். கம்பெனிப் பதிவேட்டில் பார்த்தேன்: டைரக்டர் என் அம்மா. பட்டியலைக் கொடுத்தால் அடுத்த அபராதக் கடிதம் அவருக்கு. ஆகவே வெள்ளிக்கிழமை பற்றி மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். உடனே உங்களை அழைத்தேன், எடுத்தீர்கள். "அம்மா பேரை எப்ப எடுப்பீங்க, மாமா?" என்றேன். கோப்பையில் ஐஸ்கட்டி விழும் சத்தம் கேட்டது. மறுபடி கேட்டேன். வைத்துவிட்டீர்கள். எழுத்தில் கேட்கிறேன்: அம்மா பெயரை எப்போது எடுப்பீர்கள்?